பொருள்: ‘ரோலிங் ரிட்டர்ன்’ – தமிழில் என்ன போடலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மதுரை முதலீட்டாளர் கூட்டத்துக்கான துண்டறிக்கையில் ஸ்மால்கேப் ஃபண்டுகளின் (சந்தை மதிப்பில் கீழ்வரிசையில் உள்ள நிறுவனப் பங்குகளை வாங்கும் மியூச்சுவல் ஃபண்டுகள்) நீண்டகால வருவாய் பற்றி ஒரு பக்கம் வருகிறது. அதில் ‘ரோலிங் ரிட்டர்ன்’ (காலநீளம் மாறாமல் தொடக்க நாளை நகர்த்தி நகர்த்திப் பார்க்கும் வருவாய்) என்பதற்கு ‘உருள் வருவாய்’ என்று எழுதியிருக்கிறேன். உங்கள் கருத்து தேவை.

‘ஸ்மால்கேப்’பை அப்படியே விட்டுவிட்டேன். ‘சிறு நிறுவனம்’ என்றால் நம்மவர்களுக்குக் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பட்டறைதான் கண்முன் வரும். 2017 அக்டோபரில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வகுத்தபடி சந்தை மதிப்பு வரிசையில் முதல் 100 லார்ஜ்கேப், 101 முதல் 250 வரை மிட்கேப், 251இலிருந்து ஸ்மால்கேப். அந்த 251ஆவது நிறுவனமே பல்லாயிரம் கோடி ரூபாய் பெறும். ‘சிறுமூலதனம்’ என்றாலும் தவறு. அது பங்கு மூலதனத்தைக் குறிக்கும், சந்தை மதிப்பை அல்ல.

– திருமங்கலம்

*

அண்ணே, ‘உருள்’ வேண்டாம். “நல்லா உருட்டுறாங்க” என்று ஊரே பேசுகிற காலத்தில், ஃபண்ட் விற்பவர் ‘உருள் வருவாய்’ என்று ஆரம்பித்தால் கீழமாசி வீதிக் கடைக்காரர் சிரித்துவிடுவார்.

‘சுழல் வருவாய்’ என்றும் யாராவது சொல்லக்கூடும். மகளிர் குழுக்களில் ‘சுழல்நிதி’ ஏற்கெனவே புழங்குகிறது, அது வேறு சங்கதி. ‘தொடர் வருவாய்’ இன்னும் ஆபத்து: தொடர் வைப்பு மாதிரி மாதாமாதம் பணம் வரும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

– கீழமாசி வீதி

*

எந்தச் சொல்லை எடுத்தாலும் அது தாங்க வேண்டிய பொருளை முதலில் பார்த்துவிடுவோம். வழக்கமான விளம்பரத்தில் வருவது ஒரு தொடக்க நாள், ஒரு முடிவு நாள், நடுவே கூட்டு வளர்ச்சி வீதம், அவ்வளவுதான். அது முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணியில் விற்ற மல்லி விலையை வைத்து வருஷத்து வரும்படியைக் கணக்குப் போடுகிற வேலை.

மும்பை பங்குச் சந்தையின் பிஎஸ்இ ஸ்மால்கேப் குறியீடு 2008 சனவரியில் உச்சம் தொட்டது. 2009 மார்ச்சுக்குள் நாலில் மூன்று பங்குக்கு மேல் கரைந்தது. பழைய உச்சத்துக்குத் திரும்ப ஏறத்தாழ ஒன்பது ஆண்டு ஆனது. உச்சத்தில் நுழைந்தவருக்கு ஏழு ஆண்டு கழித்து, 2015 சனவரியில், போட்ட முதலிலேயே நட்டம். அடிமட்டத்தில், 14 மாதம் பிந்தி நுழைந்தவருக்கு அதே ஏழு ஆண்டில் பணம் மூன்று மடங்குக்கு மேல், அதாவது ஆண்டுக்கு 17 சதவீதத்துக்குக் குறையாமல். குறியீடு ஒன்று, காலநீளம் ஒன்று. தொடக்க நாள்தான் வேறு. ஆகவே தொடக்க நாள் நகர்வது சொல்லிலேயே தெரிய வேண்டும். ‘உருள்’ அதைச் சொல்லவில்லை.

கணக்குப் போடும் முறையைத் துண்டறிக்கையில் இப்படி வைக்கலாம். 15 ஆண்டுக்கான மாதக் கடைசி வேலைநாள் என்ஏவி (ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பு), தொடக்கத்தையும் சேர்த்து 181 எண்கள். எக்செல்லில் பி2 முதல் பி182 வரை. ஏழு ஆண்டு என்றால் 84 மாதம். பி86ஐ பி2ஆல் வகுத்து, 1/7 அடுக்குக்கு உயர்த்தி, 1ஐக் கழிக்க வேண்டும். கீழே இழுத்தால் 97 விடைகள் கிடைக்கும். பி98இல் தொடங்கும் கணக்கே கடைசி. அதற்குக் கீழும் இழுத்தால் வெற்றுக் கட்டத்தைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டு −100 சதவீதம் என்று காட்டும். ‘மிகக் குறைந்த வருவாய்’ என்ற இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

என்ஏவியில் கவனிக்க வேண்டியவை: லாபத்தை வெளியே கொடுக்காமல் உள்ளேயே வைத்திருக்கும் குரோத் திட்டத்தையே எடுக்க வேண்டும். டிவிடெண்ட் (ஈவுத்தொகை) கொடுக்கும் திட்டத்தில் பணம் கொடுத்த அன்று என்ஏவி இறங்கும், வருவாய் குறைவாகத் தெரியும். முகவர் இல்லாமல் நேரே வாங்கும் டைரக்ட் திட்டம் 2013 சனவரியில்தான் வந்தது. அதற்கு முந்தைய வரலாறு வேண்டுமானால் முகவர் வழி வாங்கும் ரெகுலர் திட்டத்தையே முழுக்க வைத்துக்கொள்வது நல்லது, இரண்டையும் ஒட்டுப்போடக் கூடாது. ஒப்பிடும் குறியீடு டிவிடெண்டும் சேர்ந்த மொத்த வருவாய்க் குறியீடாக இருக்க வேண்டும். விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டால் எந்த ஃபண்டும் கெட்டிக்கார ஃபண்டாகத் தெரியும். 2018 பிப்ரவரி முதல் செபி இதைக் கட்டாயமாக்கிவிட்டது.

இன்னொன்று. 2017 வரையறைக்கு முன் ஸ்மால்கேப் என்பதற்குப் பொது எல்லை இல்லை. இப்போது 65 சதவீதமாவது ஸ்மால்கேப் பங்குகளில் இருக்க வேண்டும் என்கிற சில ஃபண்டுகள் அன்று மிட்கேப் பங்குகளை நிறைய வைத்திருந்தவை. வேறு ஃபண்டோடு இணைத்து மூடப்பட்டவை இன்றைய பட்டியலிலேயே இல்லை. பிழைத்தவற்றை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் கடந்தகாலம் நடந்ததைவிட அழகாகத்தான் தெரியும்.

– மேலூர்

*

மேல்நிலை வகுப்புப் புள்ளியியலில் ‘நகரும் சராசரி’ பல காலமாக இருக்கிறது. அந்தத் தடத்திலேயே போய் நகர்கால வருவாய் என்று வைக்கலாம். ‘நகர்’ வினைத்தொகை, நகர்ந்த, நகர்கின்ற, நகரும் காலம் மூன்றுக்கும் பொருந்தும். ‘நகர்சாளர வருவாய்’ இன்னும் துல்லியம்தான், ஆனால் கூட்டத்தில் சாளரத்தை யார் விளக்குவது?

மேலூர் ஐயா சொன்ன 97 விடைகளில் ஒரு பொறி இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு விடைகளுக்கும் 84 மாதத்தில் 83 மாதம் பொது. 15 ஆண்டுக்குள் ஒன்றோடொன்று மேல்படியாத ஏழு ஆண்டுகள் இரண்டே. எனவே “97இல் 90 தடவை 10 சதவீதத்தைத் தாண்டியது” என்று எழுதலாம்; “தாண்டுவதற்கு 93 சதவீத வாய்ப்பு” என்று எழுதக் கூடாது.

‘ஆண்டுச் சராசரி’ என்ற சொல்லையும் அடித்துவிடுங்கள். ஒரு ஆண்டு 60 சதவீதம் ஏறி, மறு ஆண்டு 25 சதவீதம் இறங்கினால் சராசரி 17.5. கையில் இருப்பதோ 100க்கு 120 ரூபாய், கூட்டு வீதம் 9.5 சதவீதம்தான். லார்ஜ்கேப்பில் இந்த இடைவெளி சிறியது. ஸ்மால்கேப் ஏறுவதும் இறங்குவதும் பெரிது என்பதால் இங்கே வாய் பிளந்து நிற்கும்.

– கோரிப்பாளையம்

*

> நகர்கால வருவாய்

கோரிப்பாளையம் டீச்சர், இது வாயில் நிற்கிறது. எனக்குச் சம்மதம். வரைபடத்தில் கிடைக்கோட்டில் இருப்பது தொடங்கும் நாளா முடியும் நாளா என்று பலர் போடுவதில்லை. அதைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். முடியும் நாள் என்றால், 2008இல் நுழைந்தவரின் பள்ளம் 2015இல்தான் தெரியும்.

மாதாமாதம் தவணையாகப் போடும் எஸ்ஐபிக்கு இந்தச் சூத்திரம் ஆகாது. ஒவ்வொரு தவணைக்கும் நாள் வேறு, பணம் போட்ட நாள்களைக் கணக்கில் எடுக்கும் எக்செல் சூத்திரமான எக்ஸ்ஐஆர்ஆர் போட வேண்டும்.

– கீழமாசி வீதி

*

சரி. துண்டறிக்கையில் போகப்போவது:

நகர்கால வருவாய்: காலநீளத்தை மாற்றாமல், தொடக்க நாளை மட்டும் ஒவ்வொரு மாதமாக (அல்லது நாளாக) நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்ட கூட்டு ஆண்டு வளர்ச்சி வீதங்களின் தொகுதி. எழுதும்போது காலநீளத்தை முன்னே சேர்க்க: ‘7 ஆண்டு நகர்கால வருவாய்’. குறைந்தது, நடு எண், மிகுந்தது மூன்றையும் ஒன்றாகத் தருக. ஒரே எண்ணாகத் தருவது தவறு.

இதற்கு எதிராக, விளம்பரத்தில் வரும் இரண்டு நாள் கணக்குக்கு ‘இருமுனை வருவாய்’ என்று வைத்திருக்கிறேன். எஸ்ஐபிக்கு ‘நகர்கால தவணை வருவாய்’ என்று தனிப் பதிவு. அதற்கான எக்ஸ்ஐஆர்ஆர் அட்டவணையை மேலூர் ஐயா செய்துகொடுத்தால் அதே பக்கத்தில் சேர்த்துவிடலாம்.

– திருமங்கலம்