எங்கட அரிசி ஆலையால ஊருக்கு நன்மையா, தீமையா? கணக்கெடுக்க உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில, இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற வயல் பக்கம் சின்னதா ஒரு அரிசி ஆலை நடத்துறன். ஒன்பது பேர் வேலை செய்யினம். அதில ஆறு பேர் தனிய நிண்டு குடும்பத்தைப் பாக்கிற அக்காமார்.

உமிதான் எனக்குப் பெரிய கவலை. 1000 கிலோ நெல்லுக் குத்தினா ஏறத்தாழ 200 கிலோ உமி வரும். அதை எரிச்சா 40 கிலோ அளவில சாம்பல். நெல் அவிக்கிறது உமி அடுப்பில எண்டதால காட்டு விறகு தேவையில்லை, அது நல்லம். ஆனா காத்து மாறினா பக்கத்து வீட்டுக் கொடியில காயிற உடுப்பெல்லாம் கரித்தூள். போன மாரியில நெல் ஊறின தண்ணி வாய்க்காலுக்க இறங்கி ஒரே நாத்தம். பிழை எங்கடதான், போய் மன்னிப்புக் கேட்டனான்.

இப்ப ஒரு கொப்பியில டீசல், கரண்ட் யூனிட், ஊறல் தண்ணி எல்லாம் எழுதுறன். டீசல் லீற்றரை 2.7 ஆல பெருக்கினா காபனீரொட்சைட்டு கிலோவில வரும், அது சுகம். சம்பளம், லீவு, வேலையில பட்ட காயமும் எழுதலாம். அக்காமாரின்ர கடன் குறைஞ்சதோ, பிள்ளையள் பள்ளிக்கூடம் ஒழுங்காப் போகினமோ எண்டதை அவையின்ர மனம் நோகாமல் எப்பிடிக் கேக்கிறது? ஆராவது செய்து பாத்தனீங்களா?

மற்றது, ஊறல் தண்ணிக்குத் தொட்டி கட்டின ஆலைக்காரர் இருந்தா அளவும் செலவும் சொல்லுங்கோ. புகை, காத்தைச் சுழல விட்டுத் தூசு பிடிக்கிற சைக்கிளோன் கருவி வவுனியாப் பக்கம் ஆர் செய்து குடுக்கினம்? உமிச்சாம்பல் வேணுமெண்டாலும் எழுதுங்கோ, வந்து ஏத்தலாம்.