பள்ளி முழுக்க ஒரே புத்தகம்: உருப்படியான திட்டமா, வீண் வேலையா?

பக்கம்ஏழு:
எங்கள் மேல்நிலைப் பள்ளியில் அடுத்த பருவத்துக்கு ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எல்லா மாணவர்களும், எல்லாப் பாட ஆசிரியர்களும், அலுவலக ஊழியர்களும், விருப்பமுள்ள பெற்றோரும், பக்கத்து நூலகத்துக்கு வருகிறவர்களும் ஒரே புத்தகத்தைப் படிப்பது. எட்டு வாரம் அவகாசம். அப்புறம் ஒரு நாள் மதியம், வகுப்புப் பிரிவுகளைக் கலைத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட வட்டங்களாக உட்கார்ந்து பேசுவது. ஒரே வட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் இருப்பாள், கணக்கு ஆசிரியரும் இருப்பார், யாரோ ஒருவரின் பாட்டியும் இருப்பார். நான் திட்டக் குழுவில் இருக்கிறேன். ஆசிரியர் கூட்டத்தில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? தாராளமாகத் திட்டலாம்.

சும்மாவாசகன்:
அனுமதி கொடுத்துவிட்டீர்கள், திட்டிவிடுகிறேன். பதினான்கு வயதுப் பையனுக்கும், பதினேழு வயதில் நூலகத்தையே கரைத்துக் குடித்தவளுக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற பிள்ளைக்கும் பொருந்துகிற புத்தகம் என்று ஒன்று உண்டா? இல்லை. அதனால் குழு என்ன செய்யும்? யாரும் கோபப்படாத, நல்லொழுக்கம் சொட்டுகிற ஒன்றைத் தேடிப் பிடிக்கும். நானும் அப்பன்தான், என் மகள் படிக்கவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அவளுடைய புத்தகத்தை அவள்தான் எடுக்கவேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992-இல் வாசகனின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். முதல் உரிமை, படிக்காமல் இருப்பது. மூன்றாவது, பாதியில் மூடி வைப்பது. பத்தாவது, படித்ததைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது. உங்கள் திட்டம் இந்த மூன்றையும் ஒரே மதியத்தில் பறிக்கிறது. அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான்.

இயற்பியல்வாத்தியார்:
எனக்குத் தத்துவம் எல்லாம் வேண்டாம், நேரம்தான் பிரச்சினை. பாடத்திட்டம் முடியவில்லை, செய்முறைத் தேர்வு வேறு வருகிறது. இதில் நான் நாவலைப் பற்றி வட்டம் நடத்தவேண்டுமாம். எனக்கு என்ன தெரியும்? பிள்ளைகள் முன்னால் திருதிருவென்று முழிக்கவா?

நூலகத்துநிழல்:
இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சில சண்டைகள் தானாகவே தீரும். 1998-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர நூலகத்தில் நான்சி பெர்ல் என்ற நூலகர் தொடங்கி வைத்தது இது. ஊரே ஒரு புத்தகத்தைப் படித்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. முதலில் எடுத்தது ரஸ்ஸல் பாங்க்ஸின் ஒரு நாவல். சின்ன ஊர், பள்ளிப் பேருந்து விபத்து, பிள்ளைகள் சாகிறார்கள், யார் மேல் பழி என்று நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். சும்மாவாசகன் சொல்கிற நல்லொழுக்க ரகத்தில் இதைச் சேர்க்க முடியுமா? மூன்று வருடம் கழித்து, 2001-இல், சிகாகோவும் இறங்கியது. அப்புறம் ஊர் ஊராகப் பரவி, பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வந்தது. நல்ல இலக்கியம் எது என்று தீர்ப்புச் சொல்ல வந்த ஏற்பாடு இல்லை. முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதனால் புத்தகத்தை எடைபோடும்போது முதலில் கேட்கவேண்டியது: இரண்டு நேர்மையான வாசகர்கள் இதன் முடிவைப் பற்றி முட்டிக்கொள்வார்களா?

சும்மாவாசகன்:
சியாட்டிலைச் சொன்னீர்கள், நியூயார்க்கை விட்டுவிட்டீர்களே! 2002-இல் அங்கே தேர்வுக் குழு இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பிளந்துபோனது. இதைப் படித்தால் இவர்கள் மனம் புண்படுமோ, அதைப் படித்தால் அவர்கள் புண்படுவார்களோ என்று இழுத்து இழுத்து, நகரம் முழுக்க ஒன்று என்ற பேச்சே அடங்கிப்போனது. ஹெரால்ட் புளூம் போன்ற விமர்சகர் கும்பலாகப் படிப்பதே தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நான் அவர் கட்சி.

பக்கம்ஏழு:
இயற்பியல் சார், நீங்கள் முழிப்பதுதான் எனக்கு வேண்டும், கிண்டல் இல்லை. நான் தமிழாசிரியை. நான் வட்டம் நடத்தினால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து விடையை யூகிப்பார்கள். “மூன்றாம் அத்தியாயம் எனக்குப் புரியவே இல்லை, உங்களில் யாருக்காவது புரிந்ததா?” என்று நீங்கள் கேட்டால் அது உண்மையான கேள்வி. பெரியவர் ஒருவர் புரியாமல் திணறுவதை வகுப்பில் அவர்கள் எப்போது பார்க்கிறார்கள்?

இயற்பியல்வாத்தியார்:
அம்மா, என் வகுப்பில் தினமும் பார்க்கிறார்கள். போகட்டும். இதனால் வாசிப்புத் திறன் கூடும் என்று யாரும் கதை விடவேண்டாம். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு தேசிய வாசிப்புக் குழு ஆய்வுகளை அலசிவிட்டு, பிள்ளைகளைத் தாங்களாகவே மௌனமாகப் படிக்கத் தூண்டினால் சரளம் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

நூலகத்துநிழல்:
சார், போதிய ஆதாரம் இல்லை என்பது வேறு, பலனே இல்லை என்பது வேறு. அறிவியல் ஆசிரியருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தவிர, அவர்கள் பார்த்தது தனித்தனியாக மௌனமாகப் படிப்பதை. இங்கே பேச்சு வட்டம்.

ப்ளஸ்ஒன்காரி:
நான் மாணவி. என் பள்ளியில் போன வருடம் இதை நடத்தினார்கள். மதிப்பெண் கிடையாது என்றார்கள். இரண்டாவது வாரமே ஒரு தாள் வந்தது: உனக்குப் பிடித்த பாத்திரம் யார், ஏன், ஐந்து வரிகளில் எழுதுக. அப்புறம் சுவரொட்டிப் போட்டி, வினாடி வினா. என் வகுப்பில் பாதிப் பேர் இணையத்தில் சுருக்கத்தைப் படித்துவிட்டு எழுதினார்கள். எங்கள் வட்டத்தை நடத்திய ஆசிரியர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை, அச்சடித்த கேள்விகளைப் பார்த்துப் படித்தார். இரண்டு நிமிடத்தில் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.
ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அதே வட்டத்தில் ஆய்வக உதவியாளர் அண்ணன் ஒருவர் இருந்தார். “நான் அறுபதாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன், அந்த அப்பா பொய் சொன்னதும் கதை மேலேயே வெறுப்பு வந்துவிட்டது” என்றார். அவ்வளவுதான், எல்லோரும் அவர் மேல் பாய்ந்தோம். அதற்கு முன்னால் வாயே திறக்காத ஒரு பையன் அந்த அப்பாவுக்காக வாதாடினான். அந்த வாக்குவாதத்துக்காக மட்டும் எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கும்.

சும்மாவாசகன்:
பார்த்தீர்களா! உருப்படியாக நடந்த ஒரே விஷயம், பாதியில் மூடிவைத்த மனிதரால் நடந்தது. பென்னாக்கின் மூன்றாவது உரிமை.

பக்கம்ஏழு:
அவர் மூடிவைத்தது வேறொரு புத்தகமாக இருந்தால்? “அப்படியா அண்ணா” என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போயிருப்பார்கள். மற்ற அத்தனை பேரும் அதையே கடைசிவரை படித்திருந்ததால்தானே பாய முடிந்தது? தம்பி, நீங்களே எனக்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.
அந்தத் தாள், சுவரொட்டி விஷயத்தில் மட்டும் மாணவி சொல்வதை அப்படியே ஏற்கிறேன். குழுவில் ஏற்கெனவே யாரோ வினாடி வினா என்று ஆரம்பித்துவிட்டார்கள். தடுக்கவேண்டும்.

நூலகத்துநிழல்:
யாரும் தொடாத ஒன்று. எல்லோரும் என்று சொல்கிறீர்களே, அச்சில் படிக்க முடியாதவர்கள்? பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகள், எழுத்துகள் குழம்புகிற பிள்ளைகள், பெரிய எழுத்து வேண்டிய தாத்தா பாட்டிகள், வேறு மொழியில் மட்டும் படிக்கிற பெற்றோர். பெரும்பாலும் தலைப்பை முடிவு செய்துவிட்டு, ஒலிநூல் இருக்கிறதா என்று கடைசியில் தேடுவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஒலிநூலும் மொழிபெயர்ப்பும் உள்ளவற்றை முதலில் ஒதுக்கி, அதற்குள் தேர்ந்தெடுங்கள். பார்வையற்றோருக்கும் அச்சில் படிக்க இயலாதோருக்கும் அணுகத்தக்க பிரதிகள் செய்து தர வழிவிடுகிற மராகேஷ் ஒப்பந்தம் 2013-லேயே வந்து, 2016-இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதில் சேர்ந்த நாடுகளில் உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருக்காமலே அப்படிப்பட்ட பிரதி செய்யச் சட்டத்தில் இடம் இருக்கவேண்டும். பள்ளிகளில் பலருக்கு இது தெரிவதில்லை, எரிச்சலாக வரும்.
அப்புறம், புத்தகம் மெலிதாக இருக்கட்டும். நானூறு பக்கம் என்றால் வட்டத்தில் பாதிப் பேர் ஆய்வக உதவியாளர் ஆகிவிடுவார்கள்.

சும்மாவாசகன்:
சரி, பாதி தூரம் வருகிறேன். ஒன்றுக்குப் பதில் மூன்று புத்தகம் வையுங்கள், பிடித்ததை எடுக்கட்டும்.

பக்கம்ஏழு:
குழுவில் இதையும் பேசினோம், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வைத்தால் தோழி எடுத்ததைத் தோழி எடுப்பாள், நன்றாகப் படிக்கிறவர்கள் தடிமனானதை எடுப்பார்கள், ஆசிரியர்கள் மெலிதானதை. வட்டங்கள் மறுபடி பழைய வகுப்புப் பிரிவுகள் ஆகிவிடும். யாருக்காவது உள்ளடக்கத்தில் உண்மையான ஆட்சேபம் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு வேறொன்று தரலாம். அதற்காகவே தலைப்பை இரண்டு மாதம் முன்பே பெற்றோருக்குச் சொல்லப்போகிறோம்.

ப்ளஸ்ஒன்காரி:
வட்டத்தில் வருகைப் பதிவு எடுப்பீர்களா மேடம்?

பக்கம்ஏழு:
பள்ளி நேரம் என்பதால் எடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் படித்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.

சும்மாவாசகன்:
பத்தாவது உரிமை பிழைத்தது. அதை எழுத்தில் கொடுங்கள், சுற்றறிக்கையின் முதல் வரியாக. அப்புறமும் நான் எதிர்க்கட்சிதான். ஆனால் பெற்றோர் வட்டத்தில் ஒரு இடம் பிடித்து வையுங்கள், குறை சொல்லவாவது வந்திருக்கவேண்டும்.

இயற்பியல்வாத்தியார்:
செய்முறைத் தேர்வு வாரத்தில் வைக்காதீர்கள். மற்றதைப் பார்க்கலாம்.