‘மிகவும் சலுகை பெற்ற நாடு’: வேறு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘Most Favoured Nation’ என்ற உலக வணிகச் சொல்லுக்குப் பத்திரிகைகளில் வழங்கும் ‘மிகவும் சலுகை பெற்ற நாடு’ என்ற தொடரையே நம் கலைச்சொல் பட்டியலிலும் ஏற்றிவிடலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

குமுளியில் மிளகு வாங்கி விற்கிறேன். கம்பத்திலிருந்து மலையேறி வந்து தோட்டம் போட்ட பெரியவர் ஒருவர் போன வாரம் கடைக்கு வந்தார். உள்ளங்கையில் நாலு மிளகை வைத்துக் கட்டைவிரலால் நெரித்தபடி, “பிரேசிலுக்கு எதற்குத் தம்பி இவ்வளவு சலுகை?” என்று கேட்டார். அவர் படித்த செய்தியில் பிரேசிலைக் குறித்து அந்தத் தொடர்தான் இருந்தது. ஆனால் பிரேசில் மிளகுக்கு நாம் போடுவது 70 விழுக்காடு வரி. தனி உடன்பாட்டில் சேராத சரக்குக்கான பொது வரி அது. இலங்கை மிளகுதான் உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியில்லாமல் வருகிறது. பெரியவரை ஏமாற்றியது சொல்.

இத்தொடர் உண்மையில் குறிப்பது, 1947இல் இந்தியா உட்பட 23 நாடுகள் ஜெனிவாவில் கையெழுத்திட்ட காட் (GATT) என்னும் சுங்கவரி, வணிகப் பொது ஒப்பந்தத்தின் முதல் விதியை. ஒரு நாட்டுக்கு வரியைக் குறைத்தால் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் குறைக்க வேண்டும்; இலங்கையோடு உள்ளது போன்ற தனி உடன்பாடுகள் இதற்கு விலக்கு. இருவர் பேசி முடித்தது மற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. போருக்குப் பின் உலக வணிகம் பெருகியதில் இந்த அரசியல் முடிவுக்குப் பெரும் பங்குண்டு. பந்தியில் ஓர் இலைக்கு வைத்ததை எல்லா இலைக்கும் வைப்பது போன்றது. பந்தி வஞ்சனை கூடாது என்பார்களே, அதேதான்.

பெயரால் வணிகமே இடறியதும் உண்டு. இந்தியா 1996இல் பாகிஸ்தானுக்கு இந்த நிலையை அளித்தது, 2019இல் விலக்கிக்கொண்டது. பாகிஸ்தான் பதிலுக்கு அளிக்கவே இல்லை. இந்தியாவை ‘மிக விருப்பமான நாடு’ என்று அங்கே எந்த அரசியல்வாதி வாய்திறந்து சொல்வார்? ‘பாரபட்சமற்ற சந்தை அனுமதி’ என்று பெயரை மாற்றிப் பார்த்தார்கள், அதுவும் கைகூடவில்லை. அமெரிக்காவும் 1998இல் தன் சட்டத்தில் ‘இயல்பான வணிக உறவு’ என்று மாற்றிக்கொண்டது.

‘சமவரி’ போதாது, சுங்க நடைமுறைகளும் இவ்விதியில் அடங்கும். ‘பாரபட்சமின்மை’ மிகையாகிவிடும், உள்நாட்டுச் சரக்கையும் இறக்குமதிச் சரக்கையும் ஒன்றாக நடத்தும் விதிக்கும் அது பொருந்தும். ஆகவே ‘சமச்சலுகை’ என்று முன்மொழிகிறேன்: சமச்சலுகை நெறி, சமச்சலுகை நாடு, சமச்சலுகை வரி. இலங்கைக்குக் கொடுப்பது ‘தனிச்சலுகை’. இரண்டையும் அருகருகே வைத்தால் பெரியவருக்கும் விளங்கும்.

‘சமச்சீர்’ போல ஒற்று மிகும் என்று எண்ணுகிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குமுளியிலிருந்து