அலிசன் 3000 எம்.எச்: ஆயிலும் ஃபில்டரும் மாற்ற எத்தனை லிட்டர், எந்த வரிசை?

கேள்வி: பின்இன்ஜின்

வணக்கம். பின்பக்கம் இன்ஜின் வைத்த டீசல் மோட்டர்ஹோம். கியர்பாக்ஸ் அலிசன் 3000 எம்.எச், ஆறு ஸ்பீடு, பட்டன் செலக்டர். ஆயிலையும் ஃபில்டர்களையும் நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். கீழே படுத்துப் பார்த்ததில் சம்ப் (கியர்பாக்ஸ் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஆழமான வகை. அடியில் இரண்டு வட்ட மூடிகள், ஒவ்வொன்றிலும் ஆறு போல்ட். முன்பு வைத்திருந்தவரின் சர்வீஸ் குறிப்பில் "கியர் ஆயில் மாற்றியது" என்று மட்டும்தான் இருக்கிறது, என்ன ஆயில் என்று இல்லை. நிறம் சிவப்பு.

கையேட்டில் ஓரிடத்தில் 27 லிட்டர், இன்னோர் இடத்தில் 18 லிட்டர் என்று போட்டிருக்கிறது. எதை வைத்து வாங்குவது? பழைய ஆயில் எது என்று தெரியாமல் சிந்தெடிக் ஊற்றினால் கெடுதல் உண்டா? மூடி இரண்டையும் கழற்றித்தான் ஆக வேண்டுமா? மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்வது மேலா?

பதில்: டார்க்ரெஞ்ச்

இரண்டு எண்ணும் சரிதான். 27 லிட்டர், ஆழமான சம்ப் வைத்த கியர்பாக்ஸ் உள்ளே சொட்டு ஆயில்கூட இல்லாமல் காய்ந்திருக்கும்போது முதல் தடவை ஊற்றும் அளவு. 18 லிட்டர், டிரெய்ன் செய்து ஃபில்டர் மாற்றிய பிறகு திரும்ப ஊற்றும் அளவு. மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கிளட்ச் வழிகளிலும் தங்கிவிடும், பிளக் வழியாக வராது. ஆழம் குறைந்த சம்ப் என்றால் இவை 25, 16 ஆகும். ரிடார்டர் (கியர்பாக்ஸோடு சேர்ந்த துணை பிரேக்) இருந்தால் அளவு கூடும். உங்களுக்கு 20 லிட்டர் வாங்கினால் போதும்.

ஃபில்டர் கிட் வாங்கும் முன் சம்ப் ஆழத்தை அளந்துவிடுங்கள். 4 இன்ச் சம்ப்புக்கு 29540494, 2 இன்ச் சம்ப்புக்கு 29540493. இரண்டு கிட்டிலும் ஃபில்டர் உயரம் வேறு. உயரம் மாறினால் ஒன்று மூடி உட்காராது, அல்லது ஃபில்டர் தன் இருக்கையில் அழுந்தாமல் ஆயில் பக்கவாட்டில் வடிகட்டாமலே போய்விடும். இரண்டாவதுதான் ஆபத்து. வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது, அதனால் தெரியவே தெரியாது.

வண்டியை முதலில் நன்றாக ஓட்டிச் சூடாக்குங்கள். நின்ற இடத்தில் ஐடிலில் விட்டால் இன்ஜின் சூடாகுமே தவிர கியர்பாக்ஸ் ஆயில் சரியாகச் சூடேறாது. சூடான ஆயில்தான் மிதக்கும் தூளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். அதே சூடு கையைப் பொசுக்கும், ஆகவே நீளக் கையுறை, கண்ணாடி.

அடுத்து சொல்வதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஏர் பேக் காற்றையோ லெவலிங் ஜாக்கையோ மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. பேக்கில் காற்று இறங்கினால் சேஸிஸ் சில நொடியில் கீழே உட்கார்ந்துவிடும், படுத்திருப்பவருக்கு நகர இடம் இருக்காது. வண்டி எடைக்கு ஏற்ற ஸ்டாண்டுகளைச் சேஸிஸ் ரெயிலுக்கு அடியில் கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

டிரெய்ன் பிளக்கைக் கழற்றி முழுவதும் வடியவிடுங்கள். பாத்திரம் 20 லிட்டருக்கு மேல் கொள்ள வேண்டும். பலர் இங்கேதான் அளவு போதாமல் தரையெல்லாம் ஆயில் ஆக்கிக்கொள்வார்கள். வடிந்து நின்ற பிறகும் மூடிகளுக்குள் கணிசமாக ஆயில் இருக்கும், பாத்திரத்தை நகர்த்திவிட்டு மூடியைத் தொடக் கூடாது. வந்ததை அளந்து எழுதி வையுங்கள்.

இரண்டு மூடியையும் கழற்றித்தான் ஆக வேண்டும். ஒன்று மெயின், ஒன்று லூப், அதாவது உயவு ஆயிலுக்கானது. பம்ப்பிலிருந்து வரும் அழுத்த ஆயில் வால்வுகளுக்குப் போகும் முன் மெயின் ஃபில்டரைத் தாண்டிப் போகிறது. கூலரிலிருந்து திரும்பி, பேரிங்குகளுக்கும் கியர்களுக்கும் போவது லூப் ஃபில்டர் வழியாக. கிட்டில் வரும் இரண்டு ஃபில்டரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் பாதி வேலை.

பழைய ஃபில்டரோடு சின்ன ஓ-ரிங் வெளியே வந்ததா என்று பாருங்கள். அது உள்ளே குழாயிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், புதியதைப் போடும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஃபில்டர் கோணலாக நிற்கும்.

பூட்டும்போது புதிய ஓ-ரிங்குகளில் புது ஆயிலையே தடவுங்கள். ஃபில்டரை மூடியில் பொருத்தி, கேஸ்கெட்டை வைத்து, போல்ட் துளைகளை நேர்ப்படுத்தி, மூடியைக் கையாலேயே அழுத்தி உள்ளே உட்கார வையுங்கள். மூடி பாதியில் நிற்கும்போது போல்ட்டை முறுக்கி இழுத்துக் கொண்டுவர முயன்றால் ஓ-ரிங் வெட்டுப்படும், மூடி விரிசல் விடும், சம்ப் மரை போகும். இம்பாக்ட் துப்பாக்கி இந்த வேலைக்கு ஆகாது. மூடி போல்ட் 51 முதல் 61 நியூட்டன் மீட்டர், டிரெய்ன் பிளக் 25 முதல் 32. பிளக்கின் ஓ-ரிங்கையும் மாற்றிவிடுங்கள்.

18 லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டாம். 16 ஊற்றி, ஸ்டார்ட் செய்து, லெவல் பார்த்து மீதியைச் சேருங்கள்.

பதில்: ஆயில்ஆய்வு

ஆயில் பற்றி மட்டும் சொல்கிறேன். சிவப்பு நிறத்தை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது, மினரலும் சிவப்பு, சிந்தெடிக்கும் சிவப்பு. டப்பாவில் அலிசனின் ஆயில் தரக் குறியான டி.இ.எஸ் 295 அல்லது அதற்குப் பின் வந்த டி.இ.எஸ் 668 அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். டி.இ.எஸ் 389 மினரல் வகை, மாற்றும் இடைவெளி மிகவும் குறைவு. "இதற்கும் பொருந்தும்" என்று மட்டும் எழுதி, அங்கீகார எண் இல்லாத டப்பாவை விட்டுவிடுங்கள்.

கலந்தால் கியர்பாக்ஸ் கெடாது. கெடுவது கணக்கு. 27-இல் 18 மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு பழையது உள்ளேயே இருக்கிறது. கூலர், அதன் குழாய்களில் நிற்பது 27-இல் சேராது, ஆகவே உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். அந்தப் பழையது மினரல் என்றால், சிந்தெடிக்குக்குச் சொன்ன நீண்ட இடைவெளி உங்களுக்குப் பொருந்தாது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இரண்டாவது தடவை டிரெய்ன் செய்து ஊற்றினால் பழையது ஒன்பதில் ஒரு பங்கை நெருங்கும். இரண்டாவது தடவைக்கு ஃபில்டர் வேண்டாம், பிளக் மட்டும் கழற்றினால் போதும். மூடிகளைத் தொடாததால் ஊற்ற வேண்டியதும் குறையும், வந்த அளவையே திருப்பி ஊற்றுங்கள்.

இதனால்தான் ஃப்ளஷ் மெஷின் தேவையில்லை என்கிறேன். மெஷின் ஃபில்டரை மாற்றாது. அதன் ஹோஸுக்குள் முந்தின வண்டிக்கு ஊற்றிய ஆயில் மிச்சம் இருக்கும். நீங்கள் தேடிப் பிடித்து வாங்கிய ஆயிலில் அதைக் கலப்பானேன்?

வடியும்போதே நடு ஓட்டத்தில் சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஆய்வுக்கு அனுப்புங்கள். முதலில் வருவதும் கடைசியில் சொட்டுவதும் வேண்டாம். அறிக்கையில் பிசுபிசுப்பு புது ஆயிலைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருக்கக் கூடாது, தண்ணீர் 0.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கிளைகால் (ரேடியேட்டர் கூலன்ட்டில் இருக்கும் பொருள்) துளிகூட இருக்கக் கூடாது. கிளைகால் வந்தால் கூலர் உள்ளே ஓட்டை, ரேடியேட்டர் தண்ணீர் கலக்கிறது என்று பொருள். அது கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சைத் தாக்கும், ஆயில் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. கூலரை மாற்றி, கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். ஆயில் பால் கலந்த இளஞ்சிவப்பாக வந்தால் அறிக்கைக்குக் காத்திருக்காமல் வண்டியை நிறுத்துங்கள்.

பழைய ஃபில்டரின் மடிப்புக் காகிதத்தைக் கத்தியால் வெட்டி விரித்துப் பாருங்கள். விரலில் தேய்த்தால் சாம்பல் நிற மையாக ஒட்டுவது சாதாரணத் தேய்மானம். நகத்தில் உறுத்துகிற செதில் இருந்தால் அது உலோகம். மஞ்சள் பளபளப்பு புஷ்ஷிங், வெள்ளை அலுமினியம். கறுப்பாகக் கரிந்த நார்த்துணுக்குகள் கிளட்ச் தட்டிலிருந்து வருபவை, கூடவே கருகின வாசனையும் இருக்கும்.

கேள்வி: பின்இன்ஜின்

மிகவும் நன்றி. வேலை முடிந்தது. வந்தது 17.5 லிட்டர், செதில் எதுவும் இல்லை. 16 ஊற்றிய உடனே செலக்டரில் லெவல் பார்த்தால் 70 என்று எண் காட்டுகிறது. டிப்ஸ்டிக்கில் கோல்டு குறிக்கு நடுவே நிற்கிறது. எதை நம்புவது? லூப் மூடியின் ஓரத்தில் லேசாக ஈரம் கசிகிற மாதிரியும் இருக்கிறது. போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா?

பதில்: டார்க்ரெஞ்ச்

70 என்பது பழுது இல்லை. ஆயில் இன்னும் சூடாகவில்லை, அதனால் அளக்க மாட்டேன் என்கிறது. 50 வந்தால் இன்ஜின் வேகம் மிகக் குறைவு, 65 வந்தால் நியூட்ரலில் இல்லை. 95 வந்தால் மட்டும் சென்சார் பக்கம் பாருங்கள்.

கோல்டு குறி, வண்டியை எடுத்து ஓட்டும் அளவுக்கு ஆயில் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அதை வைத்து ஹாட் குறி வரை நிரப்பினால் சூடாகி விரிந்ததும் அளவு தாண்டிவிடும். சுழலும் பாகங்கள் கடைந்து நுரை கட்டும். நுரையில் காற்று, காற்றோடு கிளட்ச் பிடிக்காது. சூடு ஏறி பிரீதர் (காற்றுப்போக்கி) வழியாக ஆயிலைக் கக்கவும் செய்யும். குறைவாக இருந்தாலும் பம்ப் காற்றையே உறிஞ்சும், முடிவு ஒன்றுதான்.

வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு சமதரையில் நிறுத்துங்கள். லெவலிங் ஜாக்கால் முன்பக்கம் தூக்கி நிற்கக் கூடாது. பார்க்கிங் பிரேக், நியூட்ரல், ஐடில். மேல் அம்பு, கீழ் அம்பு இரண்டையும் சேர்த்து ஒரு தடவை அழுத்துங்கள். 8, 7, 6 என்று சுமார் இரண்டு நிமிடம் இறங்கி எண்ணும், அந்த நேரத்தில் எதையும் தொட வேண்டாம். ஓகே என்று வந்தால் முடிந்தது. லோ 02 என்றால் இரண்டு குவார்ட்டு குறைவு, ஹை 01 என்றால் ஒரு குவார்ட்டு அதிகம். குவார்ட்டு லிட்டரைவிடக் கொஞ்சம் சின்னது, சுமார் 0.95. டிப்ஸ்டிக்கிலேயே பார்ப்பதானால் சம்ப் சூடு 71 முதல் 93 டிகிரிக்குள் இருக்கும்போது ஹாட் குறிக்குள் நிற்க வேண்டும். சூடான நிலையில் இரண்டும் முரண்பட்டால் டிப்ஸ்டிக் குழாயும் குச்சியும் இந்த வண்டிக்கு உரியவைதானா என்று பாருங்கள். குழாய் மாறியிருந்தால் குறி பொய் சொல்லும்.

கசிவுக்கு இறுக்கிப் பார்க்காதீர்கள். 61-ஐத் தாண்டினால் கேஸ்கெட் நசுங்கி வெளியே வரும், மரை போகும். முதலில் துடைத்துக் காயவிட்டு ஓட்டிப் பாருங்கள். மூடி கழற்றும்போது வழிந்த ஆயில் மேலே குறுக்குத் தடத்தில் தங்கி மெல்ல இறங்குவது வழக்கம். திரும்பவும் அதே இடத்தில் ஈரம் வந்தால் மூடியைக் கழற்றி, முகத்தில் பழைய கேஸ்கெட் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, புதிய கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் போடுங்கள். சுரண்டக் கத்தி வேண்டாம், பிளாஸ்டிக் பட்டை போதும்.

பதில்: ஸ்பின்ஆன்

இதே இழையைப் பார்த்து 1000, 2000 சீரிஸ் வண்டிக்காரர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக: அவற்றில் வெளியே திருகு ஃபில்டர் ஒன்றுதான், எண் 29539579. சம்ப்புக்குள் இருக்கும் உறிஞ்சு ஃபில்டரைக் கியர்பாக்ஸ் பிரிக்கும்போது மட்டும் மாற்றினால் போதும். சாதாரண சம்ப்புக்கு மறுநிரப்பு 10 லிட்டர், ஆழம் குறைந்ததற்கு 7. பிளக் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர். பழைய ஃபில்டரின் தலையில் வளையக் காந்தம் இருக்கும். துடைத்துவிட்டுப் புதியதில் மாட்டுங்கள், அது பழையதோடு குப்பைக்குப் போவதுதான் அதிகம் நடக்கிறது. கேஸ்கெட் தொட்ட பிறகு கையால் ஒரு சுற்று, அவ்வளவே.

3000-க்கு ஒரு சேர்க்கை. 2009-க்குப் பின் வந்த கன்ட்ரோலரில் ஆயில் ஆயுள், ஃபில்டர் ஆயுள் எண்ணும் வசதி இருக்கும். மாற்றியதை அது தானாக அறியாது. அம்புகள் இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டே போனால் லெவலுக்கு அடுத்து ஆயில் ஆயுள், அதற்கடுத்து ஃபில்டர் ஆயுள் வரும். ஒவ்வொன்றும் திரையில் இருக்கும்போது மோடு பட்டனைப் 10 நொடி பிடித்திருந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும். இந்தக் கணக்கு செல்ல டி.இ.எஸ் 295 அல்லது 668 ஆயில் வேண்டும். மினரல் பாதி கலந்த ஆயிலுக்கு அது காட்டும் சதவீதம் பொருந்தாது, எனவே இரண்டாவது டிரெய்ன் முடிந்த பிறகு ஆயில் ஆயுளை மறுபடி ஒருமுறை ரீசெட் செய்யுங்கள். ஓட்டம் குறைவாக இருந்து திரை எதுவும் கேட்காவிட்டாலும் 60 மாதத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்.