தெரபி நாய் (நோயாளிகளின் சிகிச்சைக்குத் துணையாக அழைத்து வரும் நாய்) வார்டுக்குள் வந்தால்: நேரில் பார்த்தவர்கள் சொல்வது

நாய் கையாளுபவர்:
வாலை நம்பாதீர்கள். பதற்றத்திலும் வால் ஆடும். தின்ன எதுவும் இல்லாதபோது மூக்கை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, இவைதான் முதல் அறிகுறிகள். அதற்கும் பிறகு உடம்பு இறுகி அப்படியே நின்றுவிடும். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொள்ள, "எவ்வளவு பொறுமை பாருங்க" என்று சுற்றி நிற்பவர்கள் போட்டோ எடுப்பது பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான். உறுமியதற்கெல்லாம் அடி வாங்கி வளர்ந்த நாயை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. எச்சரிக்கை கொடுக்கும் பழக்கத்தை அது விட்டிருக்கும், நேராகக் கடிக்கும்.

நோயாளிக்குச் சொல்லித்தர ஒரு எளிய முறை: நெஞ்சுப் பக்கம் 3 விநாடி தடவி, கையை எடுத்துவிட வேண்டும். நாய் தானாக நெருங்கி வந்தால் தொடரலாம். அசையாமல் இருந்தாலோ விலகினாலோ விட்டுவிட வேண்டும். விலகிப் போக இடம் வேண்டுமே! அறை மூலையில் ஒரு பாயும் தண்ணீர்க் கிண்ணமும் வையுங்கள். அங்கே போன நாயை யாரும் கூப்பிடக் கூடாது. நம் ஊர் வெயிலில் இரைப்பது சூட்டினாலா பதற்றத்தாலா என்று பிரித்தறிவது கடினம். அதனால் குளிர்ந்த அறை, காலை நேரம்.

மனநலச் செவிலியர்:
"நாய் பிடிக்குமா?" என்று கேட்டால் மரியாதைக்காக "பிடிக்கும்" என்பார்கள். "நாய் கடித்து ஊசி போட்டிருக்கீங்களா? தெருவில் நாய் நின்றால் எந்தப் பக்கமாக நடப்பீங்க?" என்று கேளுங்கள், உண்மை வரும். ஆஸ்துமா, ஆறாத புண், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை, விலங்கைத் துன்புறுத்திய பழக்கம் எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். தொழுகைக்குப் போகிறவர்களில் பலர் நாயின் எச்சில் படக் கூடாது என்பார்கள். அவர்கள் தள்ளி உட்கார்ந்து பந்து வீசலாம்.

சுத்தத்துக்கு, மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புக்கான அமெரிக்க அமைப்பு SHEA 2015இல் தந்த பரிந்துரை நல்ல அளவுகோல்: வருகைக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் குளியல், நாயைப் பிடிக்க 4 முதல் 6 அடிக் கயிறு (லீஷ்), அதிகபட்சம் ஒரு மணி நேரம், தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுதல். கடந்த 90 நாளில் பச்சை இறைச்சி தின்ற நாய்க்கு அனுமதி இல்லை, சால்மோனெல்லா என்ற குடல்நோய்க் கிருமி பற்றிய பயம்தான் காரணம். ரேபிஸ், எலிக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்றுகளின் நகல் வார்டு கோப்பிலேயே இருக்கட்டும்.

மருத்துவ உளவியலாளர்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் எதற்காக நாய் என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. நியூயார்க்கில் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சனின் அறையில் அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் இருந்த நேரத்தில், ஒதுங்கியே இருந்த ஒரு சிறுவன் முன்கூட்டியே வந்து சேர்ந்தது தற்செயல். அவன் நாயோடு ஒட்டிக்கொண்டதைச் சிகிச்சையில் எப்படிப் பயன்படுத்துவது என்று அவர் பிறகு யோசித்ததுதான் முறை. இலக்கு எழுதப்படாத அமர்வு வெறும் செல்லப்பிராணி நேரம். நன்றாகத்தான் இருக்கும், சிகிச்சை ஆகாது.

வீட்டில் பேசி, வெளியில் பேசாத குழந்தைக்கு: முதலில் நாய்க்குக் கைச் சைகையில் "உட்கார்", பிறகு நாயின் காதில் கிசுகிசுப்பு, பிறகு அறையின் மறுமுனையிலிருந்து குரலில், பிறகு கையாளுபவரிடம் ஒரு கேள்வி. அதன்பின் நாய் இல்லாத அமர்வுகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்ப்பதால்தான், நாய் இருந்தால் மட்டும் பேசும் குழந்தைகளைப் பார்க்கிறோம். 45 நிமிட அமர்வில் நாய்க்கு 20 நிமிடம் போதும்.

சிகிச்சையாளரே நாயையும் பிடித்துக்கொள்வது பணம் மிச்சம் என்று நடக்கிறது. அழும் நோயாளியைப் பார்க்கும்போது நாயின் கொட்டாவி கண்ணில் படாது. இரண்டு பேர் இல்லையென்றால் நாய் வேண்டாம். தீவிர மேனியா (கட்டுக்கடங்காத உற்சாகமும் படபடப்பும் உள்ள மனநிலை), விலங்கைப் பற்றிய மாயநம்பிக்கை இருக்கும் கட்டத்திலும் வேண்டாம்.

நாய் கையாளுபவர்:
நாய்க்குப் பதில் முயலைக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கு: பயந்த முயல் மடியில் சத்தமின்றி உறைந்து கிடக்கும், அதை அமைதி என்று எடுத்துக்கொள்வார்கள். தூக்கவே வேண்டாம். தரையில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி வைத்து, நோயாளியைக் கீரையோடு பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.