பொன்னியின் செல்வனுக்கு அப்புறம் எதைப் படிக்கலாம்?

கேள்வி: பொன்னியின் செல்வனுக்கு அப்புறம் தி. ஜானகிராமனோட மோகமுள் நாவல் எடுத்து இப்பதான் முடிச்சேன். பாபுவுக்கும் அவனவிட பத்து வயசு மூத்த யமுனாவுக்கும் நடுவுல நடக்கறதவிட ரங்கண்ணா பாட்டு சொல்லிக்குடுக்குற பகுதிதான் மனசுல நிக்குது, ஆனா நடுவுல கொஞ்சம் இழுக்குது. சின்னதா, இறுக்கமா ஒரு நாவல் சொல்லுங்களேன்.

பதில்: பூமணியோட வெக்கை படிங்க. அதை வெச்சு எடுத்த அசுரன் பார்த்துட்டு கதை தெரியும்னு விட்டுடாதீங்க, படம் வேற இது வேற. கொலை பண்ணிட்ட பதினஞ்சு வயசுப் பையன் அப்பாவோட காட்டுல சுத்துறான், பசிக்குது, சோறு பொங்குறாங்க, தூங்க இடம் தேடுறாங்க, அவ்ளோதான், அதுலயே அப்பன் மகன் பாசம் மொத்தமும் வந்துடுது. கரிசல் பேச்சு முதல்ல தடுக்கும், பத்து பக்கம் பொறுத்துக்கோங்க.

பதில்: என் ஓட்டு அசோகமித்திரனோட 18வது அட்சக்கோடு. 1948 செகந்திராபாத், நிஜாம் ஆட்சியோட கடைசி நாட்கள், கிரிக்கெட் ஆடிட்டுத் திரியற சந்திரசேகரன். கடைசில கலவரத்துக்குப் பயந்து சுவரேறிக் குதிச்சு ஒரு வீட்டுக்குள்ள போறான், தன் குடும்பத்த விட்டுடச் சொல்லி அங்க ஒரு சின்னப்பொண்ணு செய்யறத படிச்சிட்டு புக்க மூடி வெச்சிட்டேன், அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க. வெக்கைய நாளைக்கே நூலகத்துல எடுத்துடறேன். ஆனா மோகமுள் இழுக்குதுன்னு சொன்னதுக்கு யாரும் திட்டலையே!

பதில்: இதோ நான் இருக்கேன். அந்த இழுவைதாங்க கதை நடக்குற கும்பகோணம், பத்து வருஷம் கழிச்சு திரும்பப் படிச்சுப் பாருங்க.