கருகின மரம் எப்படிங்க திரும்பத் துளிர்க்குது? ஆஸ்திரேலியா பத்தி ஒரு கேள்வி

கடலோரக்காரன்:
2019-20 பெருந்தீ அடங்கி சில மாசம் கழிச்சு சிட்னிக்கு மேற்கால ப்ளூ மவுண்டன்ஸ் பக்கம் போயிருந்தேன், யூகலிப்டஸ் மரமெல்லாம் அடியில இருந்து நுனி வரைக்கும் கரி, கையை வச்சா ஒட்டுது, ஆனா அந்தக் கரியைப் பொத்துக்கிட்டு தண்டு முழுக்க கொத்துக் கொத்தா தளிர், மரத்துக்குக் கம்பளி போத்தினாப்ல. இந்த மரங்களுக்கு நெருப்பு வேணும்னு சொல்றாங்களே, உண்மையா? மிருகங்களும் அங்க ஏன் இப்படி வேற மாதிரி இருக்கு?

காட்டுப்பாதை:
வேணும்ங்கிறத விட தாங்கப் பழகிக்கிச்சுன்னு சொல்லலாம். பட்டைக்கு அடியில ஆழத்துல மொட்டு தூங்கிட்டு இருக்கும், மேல இலை போனதும் முழிச்சுக்கும். நிறைய வகைக்கு அடித்தண்டுல கிழங்கு மாதிரி ஒரு புடைப்பும் உண்டு, மேல மொத்தமும் எரிஞ்சாலும் அங்கிருந்து கிளம்பிடும். பாங்க்சியான்னு அந்த ஊர்ச் செடி ஒண்ணு இருக்கு, அதுல பல வகை விதையை வருஷக்கணக்கா காய்க்குள்ளயே பூட்டி வச்சிருக்கும், சூடு பட்டாத்தான் வாய் திறக்கும்.

பெர்த் தோட்டம்:
எல்லாரும் நெருப்பையே பேசுறீங்க, முதல்ல மண்ணைப் பாருங்க! இங்க வந்த புதுசுல ஒரு பாங்க்சியா நட்டேன், ஊர்ல ரோஜாவுக்குப் போடுற பழக்கத்துல கோழி எருவை அள்ளிப் போட்டேன், கொஞ்ச நாள்லயே இலை ஓரமெல்லாம் பழுப்பேறி செத்துப்போச்சு, அழுகையே வந்துடுச்சு. அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. சமீப காலத்துல பனிப்பாறை அரைச்சுப் போட்ட புது மண்ணும் இல்ல, எரிமலைச் சாம்பலும் பெருசா இல்ல, கோடிக்கணக்கான வருஷமா மழையில கரைஞ்சு கரைஞ்சு சத்து போன மண்ணு, பாஸ்பரஸ் ரொம்பக் கம்மி. பாங்க்சியா வேர் சின்ன பிரஷ் மாதிரி கொத்தா விட்டு, அமிலத்தைக் கசியவிட்டு, இருக்கிற துளி பாஸ்பரஸையும் உறிஞ்சும். அப்படிப்பட்ட செடிக்கு நாம அள்ளிப் போட்டா விஷம்தானே. சத்து கம்மியான இடத்துல ஒவ்வொரு இலையும் விலைமதிப்பு, அதனால தடிமனா, நாராட்டம் வளர்க்குது, அது உதிர்ந்தா சீக்கிரம் மக்காது, சருகா குவியும், யூகலிப்டஸ்ல எண்ணெய் வேற. நெருப்புக்கு விறகு அங்கதான் சேருது.

மழைக்காகம்:
மிருகத்துக்கு வர்றேன். ஆஸ்திரேலியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிஞ்சே 3 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு, தனியா வடக்கே நகர்ந்துக்கிட்டே காய்ஞ்சுபோன கண்டம் அது. எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தை விட சூடாகுறது, வந்துட்டா பல பக்கம் மழை பொய்க்கும், எப்ப பெய்யும்னே சொல்ல முடியாது. செங்கங்காரு தாயைப் பாருங்க, வெளிய ஓடுற குட்டி ஒண்ணு, பையில ஒண்ணு, வயித்துல நூறு செல் அளவுல வளராம நிறுத்தி வச்ச கரு ஒண்ணு. வறட்சில பைக்குட்டி செத்துட்டா அந்தக் கரு வளர ஆரம்பிக்கும், வறட்சி ரொம்ப நீண்டா இனப்பெருக்கத்தையே நிறுத்திடும். பெரிய குட்டிக்கு ஒரு காம்புல ஒரு மாதிரி பால், சின்னதுக்கு இன்னொரு காம்புல வேற பால், ஒரே நேரத்துல! படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுடுச்சு.

கடலோரக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அப்ப இனிமே தீ அடிக்கடி வந்தாலும் தாங்கிடுமா?

காட்டுப்பாதை:
இல்லங்க, அங்கதான் பயமே. விக்டோரியா, டாஸ்மேனியாவுல இருக்கிற மவுண்டன் ஆஷும் யூகலிப்டஸ்தான், ஆனா பெருந்தீ பட்டா பெரும்பாலும் துளிர்க்காது, செத்துடும், விதைல இருந்துதான் காடு திரும்ப வரணும். அந்த விதையைப் போட கன்னுக்கு 20 வருஷம் பக்கம் ஆகும். அதுக்குள்ள இன்னொரு தீ வந்துட்டா அந்த இடத்துல மவுண்டன் ஆஷ் இருக்காது.